பஸ்ஸுக்குப் பின்னால் நின்றவன்

ஆஸ்பத்திரி நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வலி இல்லை, ரசம். சூடான ரசம். வலது காலைச் சுற்றிக் கம்பிக் கூடு மாட்டி, செங்கல்பட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் படுத்திருந்தேன். எங்கள் ஊர் புதுப்பட்டினத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தாண்டி என் மனைவி சுமதி சாப்பாடு கொண்டுவருவாள். தூக்குச்சட்டியைத் திறந்தால் ஆவி வரும். வேறு யாராக இருந்தாலும் மனசு குளிர்ந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கால் உடைந்து படுத்திருப்பவர்களுக்கும், அவர்களுக்குச் சாப்பாடு தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கும் ஏதாவது உபயோகப்படலாம். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெம்மேலிப் பக்கம் கடலோரமாக ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை பார்க்கிறேன். சுமதியின் தம்பி மனோ அங்கேயே சமையல்கட்டில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே ரோடு, ஆளுக்கொரு பைக். நான் ஆறரைக்குக் கிளம்புவேன். அவன் ஏழு மணிக்குக் கிளம்புவான். நான் போய்ச் சேரும்போது அவன் டீ குடித்து கிளாஸைக் கழுவிக் கவிழ்த்திருப்பான். வித்தை ஒன்றும் இல்லை. ரோட்டில் வண்டிகள் அடைத்து நின்றால், இரண்டு வரிசைக்கு நடுவில் இருக்கும் சந்தில் பைக்கை விட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நான் போகமாட்டேன். கேஸை மூடினோமா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். கார்க்காரர் கதவைத் திறந்தால்? பஸ் கொஞ்சம் ஒடித்தால்? அதனால் எந்த வண்டிக்குப் பின்னால் போய் நிற்கிறேனோ, அது நகரும்வரை அங்கேயே நிற்பேன். இதை நான் ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்வேன். வீட்டில் வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. மாமல்லபுரத்துக்குள் திரும்பும் இடத்தில் சென்னைக் கார்கள் ரோட்டை அடைத்திருந்தன. ஒரு டூரிஸ்ட் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றேன். மனோ பின்னாலிருந்து வந்து என் ஹெல்மெட்டில் தட்டினான்.

"இன்னா மாமா, பஸ்ஸுக்குக் காவலா நிக்கிற? சந்து கீது பாரு. என் பின்னாலயே வா."

வரவில்லை என்று கையை ஆட்டினேன். சிரித்துக்கொண்டு நுழைந்து போனான். அவனுடைய பின்விளக்கு கார்களுக்கு நடுவில் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பின்னால் பிரேக் தேய்கிற சத்தம். ஐஸ் பெட்டி ஏற்றிய சின்ன லோடு வண்டி. அந்த டிரைவர் நிறுத்தத்தான் பார்த்திருக்கிறார், வண்டி நிற்கவில்லை. பைக்கோடு என்னைத் தள்ளிக்கொண்டுபோய் பஸ்ஸின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தியது.

சந்தில் போனவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வரிசையில் நின்றவனுக்குக் கால் உடைந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

யாரோ போன் செய்ய, மனோ திரும்பி வந்துவிட்டான். ஆம்புலன்ஸ் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனது. அவன் பைக்கில் முன்னால் போய், சந்து சந்தாக நுழைந்து, கார் கண்ணாடிகளைத் தட்டி ஒதுங்கச் சொல்லி வழி எடுத்துக் கொடுத்தான். படுத்திருந்த எனக்கு அவன் ஹார்ன் மட்டும் கேட்டது. இறக்கும்போது ஆம்புலன்ஸ் டிரைவர், அந்தத் தம்பி இல்லாவிட்டால் இன்னும் அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்றார். சுமதி அதைப் பிடித்துக்கொண்டாள். பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதைதான். வந்தவர்கள் முதலில் என் காலைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். பிறகு மனோவின் முதுகைத் தட்டுவார்கள். கால் என்னுடையது, பேர் அவனுக்கு.

காம்பவுண்ட் ஃபிராக்சர் என்று சீட்டில் எழுதினார்கள். உடைந்த எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் அதற்கு அந்தப் பெயர். மண்ணும் ஆயிலும் உள்ளே போயிருக்கும் என்பதால் முதல் நாளே கழுவிவிட்டு, தோலுக்கு வெளியே கம்பிகளை மாட்டி எலும்பை நேராகப் பிடித்து வைத்தார்கள். அதைத்தான் கம்பிக் கூடு என்கிறேன். புண் ஆறியதும் கூட்டைக் கழற்றிவிட்டு எலும்பின் நடுக்குழிக்குள் நீளமான ஆணி ஒன்றை இறக்குவார்கள். ஆணி வைத்தால்தான் காலை ஊன்றலாம். ஆனால் கம்பி நுழைகிற ஓட்டைகளில் கிருமி சேர்ந்துவிட்டால் ஆணி வைக்க முடியாது, எலும்புக்குள் சீழ் பிடித்துவிடும்.

பிடித்தால் என்ன ஆகும் என்று டாக்டரைக் கேட்டேன். சின்ன வயசுப் பெண். வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வந்தால் என்ன ஆகும் என்று மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள் அவர் என் கட்டிலுக்கு வரும்போதே, "காலை எடுக்க மாட்டோம், போதுமா?" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எடுக்கிற பேச்சை நான் எடுக்கவே இல்லையே, இவராக ஏன் எடுத்தார் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை. திருக்கழுக்குன்றத்துக்காரர். கல்யாண மண்டபங்களுக்குப் பைக்கில் பூமாலை கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் போயிருக்கிறார். ஒரு கார் சற்றே ஒதுங்க, முழங்கை உடைந்துவிட்டது. மாலை எல்லாம் ரோட்டில். எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டதிலிருந்து வார்டே இரண்டு கட்சியாகிவிட்டது. சந்தில் போகிறவர்களைப் பிடித்து அபராதம் போடவேண்டும் என்று ஒரு பக்கம். பைக் எல்லாம் காருக்குப் பின்னால் வரிசை கட்டினால் வரிசை சென்னைவரைக்கும் நிற்கும் என்று இன்னொரு பக்கம். இடுப்பு எலும்பு உடைந்த லாரி டிரைவர் ஒருவர் மட்டும் பொறுமையாகச் சொன்னார்: வண்டி நின்றுகொண்டிருக்கும்போது நடுவில் பைக் மெதுவாக வந்தால் டிரைவருக்குக் கண்ணாடியில் தெரியும், ஓடும்போது வந்தால் சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

ஏழுமலை என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார். "நடுவுல போன நானும் இங்கதான் கீறேன், போவாத நீயும் இங்கதான் கீற. அப்புறம் இன்னாத்துக்கு அண்ணாத்த இத்தினி வருஷம் பயந்த?"

அவருக்குப் புண் நன்றாக ஆறிவந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

ரசத்துக்கு வருகிறேன். எங்கள் மகளுக்குப் பத்தாவது பரீட்சை சமயம். அதனால் சுமதி ராத்திரி என்னோடு தங்கமுடியாது. தினம் மனோவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டுப் போவாள். நான் ஓட்டினால் ஒன்றரை மணி நேரம் ஆகிற தூரம். அவன் ஐம்பது நிமிஷத்தில் கொண்டுவந்து விடுவான். வார்டுக்குள் நுழையும்போது அவள் முடி கலைந்திருக்கும், காற்றில் கண் கலங்கி, முகம் பளிச்சென்று இருக்கும். எப்படி ஒரு தண்ணி லாரிக்கும் காலேஜ் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து வந்தார்கள் என்று கையை ஆட்டிக் காட்டுவாள். ஏழுமலை ஆர்வமாகக் கேட்பார். நான் ரசத்தை ஊதி ஊதிக் குடிப்பேன்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். என் பின்னால் பைக்கில் உட்கார்ந்தால் அவள் தூங்கிவிடுவாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வாயை அடக்கமுடியாமல், என்னோடு வரும்போது மட்டும் தூங்குகிறாயே என்று கேட்டுவிட்டேன்.

"பின்ன? பஸ்ஸு புகைய குடிச்சிகினு உக்காந்திருந்தா தூக்கம் வராம இன்னா வரும்?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். மனோ சிரித்தான். ஏழுமலையும் சிரித்தார்.

அன்றிலிருந்து எனக்கு அந்த ரசம் இறங்கவில்லை. தூக்குச்சட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு அதிகம் என்றால் அன்றைக்கு இன்னும் வேகமாக வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அவள் முழங்கால் எந்தக் காரில் இடிக்கும் என்று கண்ணை மூடினால் தெரியும். ஆனால் பயம் பாதிதான்.

இரண்டாவது வாரம் ஆணி வைக்க நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை, முதல் கேஸ் நான். காலை ஏழரைக்குள் இரண்டு காரியம் முடியவேண்டும்: கூட இருப்பவர் வந்து கையெழுத்துப் போடவேண்டும், ரத்தம் கொடுக்க ஒருவர் ரத்த வங்கியில் நிற்கவேண்டும். மனோவுக்கும் எனக்கும் ஒரே குரூப். அவனே தருவதாகச் சொல்லிவிட்டான். என் உடம்புக்குள் அவன் ரத்தமும் ஓடப்போகிறது என்று நினைத்ததும் எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

புதன்கிழமை சாயந்திரம் அவர்கள் கிளம்பும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நாளைக்கு ஆபரேஷன், மனசு அடித்துக்கொள்கிறது, இனிமேல் சந்தில் போகமாட்டேன் என்று உன் அக்கா தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணு என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் தன் தலையில் அடித்து எவ்வளவு சத்தியம் வேண்டுமானாலும் பண்ணுவான். குடிக்கமாட்டேன் என்று காலையில் பண்ணிவிட்டுச் சாயந்திரம் குடிப்பான். அடுத்தவர் தலையில் கைவைத்துப் பண்ணுகிறது அப்படி இல்லை. மீறினால் பாவம் அந்தத் தலைக்குப் போகும். மனோ சுமதியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளே அவன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "வச்சிட்டுப் போடா. ஆப்ரேசனுக்குப் போற மனுசன்."

அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மணி ஏழு ஆகியும் அவர்கள் வரவில்லை. நர்ஸ் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். போன் போட்டேன். சுமதி எடுத்தாள். பின்னால் ஹார்ன் சத்தமும் அவள் இருமலும் கேட்டது. முகூர்த்த நாளாம். திருக்கழுக்குன்றத்தில் கல்யாண வேன்கள் அடைத்து நிற்கின்றனவாம். ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிறார்களாம். வழக்கமான நேரத்துக்குத்தான் கிளம்பியிருக்கிறார்கள். வரிசையில் நின்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று மனோவுக்குத் தெரியாது. அவன் எந்தக் காலத்தில் நின்றான்?

"சந்து தொறந்து கீது. போடான்னா போவ மாட்றான். அக்கா தலையில கைய வச்சிட்டு எப்பிடிப் போறதுன்றான். நீ ஒரு வார்த்த சொல்லுய்யா அவன்கிட்ட. சத்தியம் வேணாம்னு சொல்லு."

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நர்ஸ் என் கட்டில் காலடியில் பைலோடு நிற்கிறார். ஒரே ஒரு வார்த்தை. அது எனக்கு வரவில்லை. சுமதி இன்னொரு தடவை இருமினாள். என்னோடு வரும்போது இருமுவாளே, அதே இருமல். மனோவும் ஒரு நாள் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிறான் என்று நினைத்ததும் உள்ளுக்குள் ஏதோ இனித்தது.

"அவசரம் ஒண்ணும் இல்ல, பத்திரமா வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எட்டே முக்காலுக்கு வந்தார்கள். அதற்குள் தியேட்டர் லிஸ்ட்டில் எனக்கு அடுத்து இருந்தவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவர் ஏழுமலை. ஸ்ட்ரெச்சரில் போகும்போது என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். ஆட்டினது உடையாத கை. எனக்குத் திங்கட்கிழமை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மேலே இருந்த கம்பியைச் சுற்றிச் சிவந்தது. திங்கட்கிழமை காலை அமுக்கிப் பார்த்தபோது மஞ்சளாகக் கசிந்தது. டாக்டர் அதைத் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினார். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பதற்கு அந்தச் சோதனை, பதில் வர மூன்று நாள் ஆகும். ஆணி இப்போது கிடையாது என்றார். வியாழக்கிழமையே வைத்திருந்தால் இது வந்திருக்காதா என்று கேட்டேன். அப்படிச் சொல்லமுடியாது, வந்தும் இருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம் என்றார். காலை எடுக்கமாட்டோம் என்று இந்தத் தடவை அவராகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காய்ச்சல் வந்தது. போர்வைக்குள் என் கால் விரல்களை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். பதில் வந்து ஊசி மாற்றின அன்று சுமதியிடம் சொல்லிவிட்டேன். மனோ மருந்து வாங்கப் போயிருந்தான்.

"பயத்துல சத்தியம் வாங்கல சுமதி. வயித்தெரிச்சல். அன்னிக்குப் போன்ல நீ கேட்டப்போ கூட நர்ஸு பக்கத்துலதான் நின்னாங்க. நான்தான் சொல்லல."

அவள் தூக்குச்சட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். "என் கூடப் பொறந்தவன் மேலயா?"

"நீ அவன் கூட வரும்போது தூங்கறது இல்ல."

அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்த இரண்டு நாள் வரவில்லை. மனோ மட்டும் சாப்பாடு கொண்டுவந்தான். சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் நின்று வந்தான். முகமெல்லாம் கரி. ரசம் ஆறி, மேலே நெய் வெள்ளையாக உறைந்திருந்தது. அக்கா என்ன சொன்னாள் என்று அவன் சொல்லவில்லை. ஒன்றுமட்டும் சொன்னான். "இன்னா மாமா, தெனம் இப்பிடியேவா நின்னுகினு வருவ? பேஜாரா இல்ல?" கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். இத்தனை வருஷத்தில் என்னை ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஆறின ரசத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

மூன்றாம் நாள் சுமதி வந்தாள். கோபம் போய்விட்டதா என்று முகத்தில் தெரியவில்லை. உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள். அடுத்த தடவை நாள் குறித்தால் இப்படித் தவறக்கூடாது. சத்தியத்தை வாங்கினவன்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும். இப்போதே கொடு.

பொறாமையை விட்டுவிடலாம். பயத்தை என்ன செய்வது? ஏழுமலையின் உடைந்த முழங்கையை நான் தினம் பார்க்கிறேனே. கடைசியில் அந்த லாரி டிரைவர் சொன்னதுதான் எனக்கு வழியாகத் தெரிந்தது. மனோவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நிக்கிற வண்டிக்கு நடுவுல போ. நடக்கிற வேகத்துல போ. வண்டிங்க நகர ஆரம்பிச்சா வரிசைல சேந்துடு. அந்தப் பாதிய மட்டும் திருப்பிக் குடுத்துட்டேன்."

"என் தலையில பாதியா?" என்றாள் சுமதி. அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் அந்தப் பாதிதான் சரி என்பேன். வண்டிகள் நிற்கும்போது பைக்கும் அவற்றுக்குப் பின்னால் நின்றால் என் கதி. ஓடும்போது நடுவில் போனால் ஏழுமலை கதி.

ஊசி வேலை செய்தது. பதினெட்டு நாள் கழித்து ஆணி வைத்தார்கள். ஏழு மணிக்கே மனோ ரத்த வங்கியில் நின்றான். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடுவார்கள். வலி தெரியாது, ஆனால் சுத்தியலால் தட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்கும். போகிறவர்கள் அதற்குப் பயப்படவேண்டாம், நம் காலில்தான் தட்டுகிறார்கள் என்று நினைக்காமல் இருந்தால் போதும். இரண்டு நாள் கழித்துச் சுமதி கொண்டுவந்த ரசம் வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டுக் குடித்தேன்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று மனோ தெரிந்த ஆட்டோ ஒன்றைப் பேசியிருந்தான். காலை நீட்டி உட்கார்ந்தால் சீட் முழுக்க எனக்கே சரியாக இருந்தது. சுமதி ஏற இடமில்லை. அதுவும் நல்லதுதான், முன்னால் போய் ஆரத்தி கரைத்து வைக்கிறேன் என்று மனோவின் பைக்கில் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவன் ஆரத்தி எடுக்காமல் வாசல்படி தாண்டக்கூடாது, எங்கள் வீட்டில் அது கட்டாயம்.

திருக்கழுக்குன்றத்தில் வழக்கம்போல அடைப்பு. நிற்கிற வண்டிகளுக்கு நடுவில் மனோ காலைத் தரையில் ஊன்றி ஊன்றி மெதுவாகப் போனான். சுமதி திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். எனக்கு முன்னால் ஒரு பஸ். பழைய எரிச்சல் வயிற்றில் எழுந்து உட்கார்ந்தது. அப்போது வரிசை நகர்ந்தது. மனோ, நான் சொன்ன வார்த்தை தவறாமல் ஒதுங்கி, பக்கத்து வரிசையில் ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால் சேர்ந்துகொண்டான். டிப்பர் ஊர்ந்தது.

என் ஆட்டோக்காரர் எந்தத் தலையிலும் கை வைத்தவர் இல்லை. "கால கெட்டியாப் புட்சிக்க அண்ணாத்த" என்றார். பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஆட்டோவை விட்டார். பைக்கே யோசித்துப் போகிற இடம். இரண்டு பக்கமும் டயர் என் முகத்துக்கு நேராகச் சுற்றியது. நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்ததோடு சரி. மனோவையும் சுமதியையும் தாண்டிப் போனோம். சுமதி புகையில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இருந்தாள். நான் கை காட்டினேன்.

வீட்டுக்கு முதலில் நான்தான் வந்து சேர்ந்தேன். மகள் பள்ளிக்கூடத்தில். பூட்டின கதவு. சாவி இருந்தாலும் ஆரத்தி இல்லாமல் உள்ளே போகமுடியாது. ஆட்டோவிலேயே காலை நீட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதன்பிறகு அந்த டிப்பர் ஞாபகம் வந்தது. அதன் பிரேக் எப்படியோ, இவர்களுக்குப் பின்னால் எந்த வண்டி நின்றதோ. வருகிற ஒவ்வொரு பைக்கையும் எட்டிப் பார்த்தேன். ஆட்டோக்காரர் வாடகை கேட்கக்கூட மறந்து என்னையே பார்த்தார்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து வந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் கரி. மனோ பைக்கை நிறுத்தி ஆட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னா மாமா, ஓடுற வண்டிக்கு நடுவுல பூந்து வந்துட்ட போல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுமதி கதவைத் திறந்து உள்ளே போனாள். சமையலறையில் தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது, குழாயில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது, மஞ்சள் டப்பாவைத் தேடுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு ஆரத்தியை அவள் மெதுவாகத்தான் கரைத்தாள்.